தெளிவு: ஐந்துக்கு மூன்று

ஹேவர்ஸ் ஆர்ம், நியூஃபவுண்ட்லாந்து
4 அக்டோபர் 1999

மதிப்பிற்குரிய திரு. ஹெஹிர் அவர்களுக்கு,

இது அலுவல் கடிதம். வீட்டுக் காகிதத்தில் எழுதியிருப்பதால் வேறு எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அலுவலகக் காகிதத்தில் நான் எதை எழுதினாலும் எங்கள் மேலாளர் ஹெட்லி ரைடவுட் அதைப் படித்து, இரண்டு காற்புள்ளிகளை இடம் மாற்றி, தன் கையெழுத்தைப் போட்டு அனுப்புவார். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க விருப்பமில்லை.

கடலுக்கு அந்தப் பக்கத்தில், கிழக்கு நிலையத்தின் சார்பில், இந்தச் சோதனைக்கு உங்களை நியமித்திருப்பதாக நேற்றுத் தகவல் வந்தது. வேறு யாரையாவது போட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். ஆகவே பத்து ஆண்டுகளுக்குப் பிறகு உங்களுக்கு எழுத வேண்டியதாகிவிட்டது.

கமிட்டிக்கு நான் கொடுத்த குறிப்பை அப்படியே கீழே தருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு நிலையங்களும் ஒரே வார்த்தைகளில் பேசினால் நல்லது என்பதற்காகத் தருகிறேன்.

'அட்லாண்டிக்கின் நடுவில் ரேடார் எட்டாது. விமானம் எங்கே இருக்கிறது என்பதை விமானி தீர்க்கரேகையில் பத்துப் பாகைக்கு ஒருமுறை ரேடியோவில் சொல்கிறார். கரையில் ஒருவர் அதைக் கேட்டு எழுதிக்கொள்கிறார். விமானி சொன்னால் சொன்னது. அதற்கு மேல் நமக்கு எதுவும் தெரியாது. இனி, விமானத்தை ஓட்டிச்செல்லும் வழிப்பெட்டியே, எந்த மனிதனும் கை வைக்காமல், சாட்டிலைட் வழியாகக் கரைக்குச் செய்தி அனுப்பும்: எங்கே இருக்கிறேன், அடுத்த புள்ளி எது, அதற்கடுத்தது எது. கரையில் உள்ள கணினி அதை நாம் அனுமதித்த பாதையோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் திரையில் சிவப்பு தெரியும்.'

மேற்கே வரும் ஒவ்வொரு விமானத்துக்கும் நீங்கள் அனுமதிக்கும் பாதையை, அனுமதித்த உடனே எங்கள் கணினிக்கு அனுப்ப வேண்டியது உங்கள் வேலை. பிப்ரவரியில் கமிட்டி நேரில் வருகிறது. அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் சோதனையை மூடிவிடுவார்கள். கூடவே அடித்தளத்தில் இருக்கும் என் அறையையும். அந்த அறைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
எல்டன் பார்டி


கில்டுரன், கிளேர், அயர்லாந்து
17 அக்டோபர் 1999

அன்பு எல்டன்,

திரு. ஹெஹிராம். உறையைப் பார்த்ததும் என் அப்பாவுக்கு வந்த கடிதமோ என்று நினைத்தேன். அவர் போய் இருபது வருஷமாகிறது.

பதினோரு வருஷம் தினமும் காலையில் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, 'என் குரல் எப்படிக் கேட்கிறது?' என்று என்னைக் கேட்டவன் நீ. ஒன்றிலிருந்து ஐந்துவரை தெளிவுக்கு மார்க் போட வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பதும் விதி. அந்த விதியால்தான் நாம் கடிதம் எழுத ஆரம்பித்தோம். நான் ஒருநாளும் உனக்கு நான்குக்கு மேல் போட்டதில்லை. மணி அடித்த மாதிரி கேட்ட நாளிலும் நான்குதான். "ஐந்து போட்டுத் தொலையேன்டா" என்று பக்கத்து மேஜைக்காரன் சொல்வான். "போட்டால் பார்டியைப் பிடிக்க முடியாது" என்பேன்.

நியமனம் நானாகக் கேட்டு வாங்கியது. ஏன் என்று கேட்காதே. உன் பெயர் பட்டியலில் இருந்தது, கேட்டேன், கொடுத்துவிட்டார்கள்.

பாதைகளைத் தவறாமல் அனுப்புகிறேன். உன் வீட்டில் ஷர்லி எப்படி இருக்கிறாள்? அவள் அனுப்பிய உங்கள் ஊர்ச் சதுப்புநிலப் பழமான பேக்ஆப்பிள் ஜாமின் கடைசி ஜாடியை நாங்கள் இன்னும் தூக்கிப் போடவில்லை. என் வீட்டுக்காரி நூலாவின் பொத்தான்கள் அதில்தான் இருக்கின்றன.

இங்கே மூன்று வாரமாக மழை. உனக்குச் சொல்லி என்ன பயன், உங்கள் ஊரில் இந்நேரம் பனியே விழுந்திருக்கும்.

உன்,
ஃபின்டன்


ஹேவர்ஸ் ஆர்ம்
22 நவம்பர் 1999

திரு. ஹெஹிர் அவர்களுக்கு,

ஷர்லி நலம். ஜாடி அவளுடையது. பொத்தான்களைக் கொட்டிவிட்டுத் திருப்பி அனுப்பலாம்.

சோதனை தொடங்கி ஐந்து வாரத்தில் என் திரையில் நாற்பது சிவப்புகள். முப்பத்தொன்று பொய். மீதி ஒன்பதும் புயலைத் தவிர்க்க விமானிகளே சொல்லிவிட்டு விலகியவை. ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தேன். அந்த முப்பத்தொன்றிலும் விமானத்தின் பெட்டி சொன்னது சரி, நீங்கள் அனுப்பிய பாதைதான் பழையது. விமானி புறப்படும் முன் கேட்ட பாதையை எங்களுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். பிறகு அதை மாற்றிக் கொடுக்கிறீர்கள். மாற்றியதை அனுப்ப மறந்துவிடுகிறீர்கள். இங்கே ஹெட்லி எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார். சாப்பாட்டு அறையில் நான் தட்டை எடுத்துக்கொண்டு வந்தால், "செவப்பு வந்துருச்சு, வழி விடுங்கப்பா" என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். உப்பு மாட்டிறைச்சியைத் தனியாக உட்கார்ந்து தின்றுவிட்டு வருகிறேன்.

எழுதுகிற பழக்கம் கெட்ட பழக்கம். ஆரம்பித்தால் நிற்காது. ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன்.

7 ஜூன் 1989. நியூயார்க்கிலிருந்து காலையில் கிழக்கே புறப்பட்ட விமானம். நான் ரேடியோ மேஜையில் இருந்தேன். கட்டுப்பாட்டு அறை அதன் பாதையை ஐம்பத்தொன்று பாகை வடக்கிலிருந்து ஐம்பது வடக்குக்கு மாற்றியது, அதைக் கேப்டனுக்குப் படித்தேன். கேப்டன் சரியாகத் திருப்பிப் படித்தார். முப்பது மேற்கில் 'ஐம்பது வடக்கு' என்று என்னிடம் அறிவித்தார், எழுதிக்கொண்டேன். பிறகு உங்களிடம் போனார். இருபது மேற்கில் உங்களிடம் அறிவித்தார். உங்கள் கரையின் ரேடாரில் தெரிந்தபோது விமானம் அறுபது மைல் வடக்கே, பழைய ஐம்பத்தொன்றில், இன்னொரு விமானத்தின் பாதையில் இருந்தது. நான்கு மைல் இடைவெளியில் இரண்டும் கடந்தன.

விசாரணையில் கேப்டன், "எங்களுக்குக் கிடைத்த பாதையில் பறந்தோம்" என்றார். எங்கள் ஒலிநாடாவின் மேல் முப்பது நாளில் வேறு பதிவாகிவிடும். விசாரணைக்குக் கேட்டது முப்பத்து மூன்றாம் நாள். என் சீட்டில் ஐம்பது என்று இருந்தது. உங்கள் பதிவேட்டில் ஐம்பத்தொன்று. குற்றம் சாட்டப்பட்டவன் சீட்டை யார் நம்புவார்கள்? விசாரணையை நடத்தியவர் ஹெட்லி. 'கரைப் பணியாளர் எழுதியது ஒன்று, வாயால் சொன்னது வேறாக இருந்திருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை.' பத்து வார்த்தைகள். அதோடு என்னை அடித்தளத்துக்கு அனுப்பினார்.

பத்து ஆண்டுகளாக எனக்கு உங்களிடம் ஒரே கேள்விதான். அன்று இருபது மேற்கில் அந்தக் கேப்டன் உங்களிடம் என்ன சொன்னார்? ஐம்பதா, ஐம்பத்தொன்றா?

எ. பார்டி


கில்டுரன்
12 டிசம்பர் 1999

அன்பு எல்டன்,

முப்பத்தொன்றும் எங்கள் தப்புதான். கண்டுபிடித்துவிட்டேன். மாற்றிய பாதையை எங்கள் ஆட்கள் பழைய சீட்டின் மேலேயே பென்சிலால் எழுதுகிறார்கள், கணினியில் தட்டுவதில்லை. நாற்பது வருஷப் பழக்கம். இனி மாற்றியதைத் தட்டாமல் யாரும் டீ குடிக்கப் போக முடியாது. கெண்டியை என் மேஜையில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் முறைத்தார்கள், மூன்றாம் நாள் தட்டுகிறார்கள்.

உன் கேள்விக்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது. பதில் இருக்கிறது என்பதை மட்டும் எழுதிக் கொடுக்கிறேன்.

ஜாடி தனிப் பார்சலில் வருகிறது. உள்ளே நூலா சுட்ட கிறிஸ்துமஸ் கேக். காலி ஜாடியை அனுப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை.

ஃபின்டன்


ஹேவர்ஸ் ஆர்ம்
18 பிப்ரவரி 2000

திரு. ஹெஹிர் அவர்களுக்கு,

கேக் கிடைத்தது. ஷர்லி தின்றாள். நானும் கொஞ்சம்.

நேற்று நடந்ததைத் தந்தி மொழியில் உங்கள் நிலையத்துக்குச் சொல்லியிருப்பார்கள். முழுதாக நான் சொல்கிறேன். சொல்ல எனக்கு வேறு ஆளும் இல்லை. ஷர்லி மூன்று தடவை கேட்டுவிட்டாள். நான்காம் தடவை, "எல்டன், அந்தக் கேப்டன் பேச்ச இனி நானே சொல்லிருவேன், சூப்பக் குடி" என்கிறாள்.

கமிட்டியிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் என் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு, டீயும் எண்ணெயில் பொரித்த டூட்டன் ரொட்டியும் கொடுத்து உட்கார வைத்திருந்தார் ஹெட்லி. பாவம், எல்லார் கையிலும் அதன்மேல் ஊற்றிய மொலாசஸ் பாகின் பிசுக்கு. அன்றைய கட்டுப்பாட்டாளர் பெர்னடெட் க்ளார்க். கூர்மையான பெண். நம்மைப் போன்றவர்களை அவள் மனிதர்களாக நடத்துவதில்லை, ஆனால் யாரையுமே அப்படித்தான்.

காலை பத்து இருபத்திரண்டு. ஒரு சரக்கு விமானம் முப்பது மேற்கைத் தாண்டியது. நாற்பது மேற்கில் அதற்கு நீங்கள் அனுமதித்தது ஐம்பத்திரண்டு வடக்கு. என் திரையில் பெட்டியின் செய்தி வந்தது: அடுத்த புள்ளி ஐம்பத்து மூன்று வடக்கு. சிவப்பு.

ஹெட்லி சிரித்தார். "வந்துருச்சுய்யா. முப்பத்திரண்டாவது பொய்" என்றார் ஆறு பேரையும் பார்த்து.

அதே நேரம் ரேடியோ மேஜையிலிருந்து சீட்டு வந்தது. விமானி தன் வாயால் அறிவித்திருக்கிறார்: அடுத்து நாற்பது மேற்கு, ஐம்பத்திரண்டு வடக்கு. நீங்கள் கொடுத்தது எதுவோ அதுவே.

"பாத்தியா?" என்றார் ஹெட்லி. "உள்ள உக்காந்து ஓட்டுறவன் ஐம்பத்திரண்டுங்கறான். உன் பொட்டி ஐம்பத்து மூணுங்குது. யார நம்புறது? மனுஷனயா, தகரத்தயா?"

"தகரத்த" என்றேன்.

"ஏன்?"

"அவரு காகிதத்தப் படிக்கிறாரு, ஹெட்லி. ஓட்டுறது அவரில்ல. பொட்டிதான் ஓட்டுது. காகிதத்துல திருத்திட்டாங்க, பொட்டில திருத்தல. இன்னும் நாப்பது மேற்குக்கு நாப்பத்தெட்டு நிமிஷம் இருக்கு."

"கிழக்குக்காரன் மறுபடி பழைய பாதைய அனுப்பிருப்பான். கேட்டு வாங்கு முதல்ல."

உங்கள் கெண்டி என் நினைவுக்கு வந்தது. திரு. ஹெஹிர், பத்து ஆண்டுகளாக உங்கள் பதிவேட்டின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த நிமிடம் நான் சொன்னது இது: "கிழக்கு அனுப்புனது சரி. அந்த மேஜையில உக்காந்திருக்கிறவன எனக்குத் தெரியும். தட்டாம டீ குடிக்க விடமாட்டான்."

பெர்னடெட் திரும்பினாள். ஐம்பத்து மூன்றில், அதே உயரத்தில், ஒரு பயணிகள் விமானம் போய்க்கொண்டிருந்தது. நாற்பது மேற்கில் இரண்டுக்கும் இடையே இரண்டு நிமிடம். இருநூற்று அறுபது பேர் அதில். அவள் சீட்டுகளைப் பார்த்தாள், என் திரையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பெர்னடெட், இது சோதனை மட்டும்தான்" என்றார் ஹெட்லி. "சோதனைத் திரைய வெச்சு ஓடுற விமானத்துக்கு உத்தரவு குடுக்க விதி இல்ல."

"உத்தரவு யாரு குடுக்குறா? கேள்விதான கேக்கறேன். கேட்டா வாயா தேஞ்சிரும்?" என்றாள் அவள். ரேடியோ மேஜைக்குச் சொன்னாள்: "அந்தக் கேப்டன்கிட்ட சொல்லு, அடுத்த புள்ளிய பொட்டியப் பாத்துப் படிக்கணும். காகிதத்தப் பாத்து இல்ல. அத ரெண்டு தடவ சொல்லு."

சொன்னார்கள். பிறகு இரைச்சல். உங்களுக்குத் தெரியும் அந்த இரைச்சல், அடைமழையில் தகரக் கூரை மாதிரி. ஒரு நிமிடம் நாற்பது விநாடி. டூட்டனைக் கையில் வைத்திருந்தவர் அதைக் கடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. ஹெட்லி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்குச் சாப்பாட்டு நேரம் போல.

வந்தது. கேப்டனின் குரல் ஒரு வயது கூடின மாதிரி இருந்தது. "பெட்டியில் ஐம்பத்து மூன்று வடக்கு இருக்கிறது. ஐம்பத்திரண்டுக்குத் திருப்புகிறோம். நன்றி. யார் கவனித்தார்களோ அவர்களுக்கு நன்றி."

அவர் சொல்லி முடிக்குமுன் என் திரையில் எண் மாறியது. சிவப்பு போய்ப் பச்சை வந்தது. கைபடாமல், யாரும் சொல்லாமல்.

யாரும் கைதட்டவில்லை. அது கைதட்டுகிற அறை இல்லை. கமிட்டியின் தலைவி, வெள்ளை முடிக்காரி, நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "இத மொதல்லருந்து சொல்லுங்க, மிஸ்டர் பார்டி" என்றாள். இரண்டரை மணி நேரம் சொன்னேன். ஹெட்லிக்கு நாற்காலி மிச்சமில்லை, நின்றார்.

சோதனையை மூடவில்லை. நிரந்தரமாக்குகிறார்கள். அடுத்த ஆண்டிலிருந்து பெட்டி உள்ள எல்லா விமானத்துக்கும். இன்று காலை தலைவி எழுதி அனுப்பிவிட்டாள்.

சந்தோஷமாக இருக்கிறதா என்று ஷர்லி கேட்கிறாள். இருக்கிறது. நேற்று மாலை காரை எடுத்துக்கொண்டு ஊரை இரண்டு முறை சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் ஒன்று. காகிதத்தில் ஒன்று, பெட்டியில் வேறொன்று என்பது நேற்று நடக்க முடியுமானால், 1989-லும் நடந்திருக்க முடியும். அதை ஆறு பேர் முன்னால், ஹெட்லி முன்னால், ஆகாயமே காட்டிக்கொடுத்துவிட்டது. இனி அதை மறுக்க உங்கள் பதிவேடு ஒன்றுதான் பாக்கி.

கேள்வியைத் திரும்ப எழுதவில்லை. உங்களுக்கு நினைவிருக்கும்.

எ. பார்டி


கில்டுரன்
9 மார்ச் 2000

அன்பு எல்டன்,

ஐம்பது.

அவர் சொன்னது ஐம்பது. நான் எழுதியதும் ஐம்பது. இருபது நிமிடம் கழித்து ரேடார் ஆள் கத்தினான், விமானம் ஐம்பத்தொன்றில் இருக்கிறது என்று. ரேடார் பொய் சொல்லாது, அப்படியானால் நான்தான் வழக்கத்தில் கை போன போக்கில் எழுதிவிட்டேன் என்று நினைத்தேன். பேனாவை எடுத்து ஐம்பதை ஐம்பத்தொன்றாக்கினேன். நானே நம்பித்தான் செய்தேன், எல்டன். விமானம் ஓரிடத்தில் இருக்கும்போது அதன் கேப்டன் வேறோர் இடத்தைச் சொல்வார் என்று அன்று யாருக்குத் தோன்றும்? உனக்கு ஒருவனுக்குத் தோன்றியது. பத்து வருஷம் கழித்து அதற்கு ஒரு எந்திரமே செய்துவிட்டாய்.

இதோடு போயிருந்தால் நான் முட்டாள் மட்டும்தான். அன்று மாலை கேப்டன் எனக்குத் தொலைபேசியில் பேசினார். லோர்கன் டேலி, எங்கள் ஊர்க்காரர். "உன் சிநேகிதன் சரியாத்தான் குடுத்தான், ஃபின்டன். காகிதத்துல ஐம்பதுன்னு திருத்திட்டேன். பொட்டில மாத்துறதுக்குள்ள காலைச் சாப்பாடு வந்துருச்சு" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் கஷ்டம். பதிவேட்டைத் திருத்தியதை ஒப்புக்கொண்டால் எனக்கு வேலை போகும்; விதி அப்படி. அவர் பெயரைச் சொன்னால் அவருடைய சீருடை போகும். நீ இரண்டாயிரம் மைல் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தாய். அவர் ஞாயிறுதோறும் சர்ச்சில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் காரணம். நன்றாக இல்லை, ஆனால் வேறு இல்லை.

உன் கடிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்தேன். 'அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறவனை எனக்குத் தெரியும்.' கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டேலி வீட்டுக்கு நடந்தேன். ஓய்வுபெற்று ஓட்டப்பந்தய நாய் வளர்க்கிறார். வாசலில் நாய்க்குக் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு இவ்வளவு நாளா ஆச்சு?" என்றார் என்னைப் பார்த்ததும்.

"எதுக்கு வந்தேன்னு தெரியுமா?"

"வேற எதுக்கு வருவ? நாய் வாங்கவா? பத்து வருஷமா பின்பெஞ்சுல இருமுறியே, எனக்கு முதுகுல கண்ணில்லேன்னாலும் காது இருக்கு."

"நீங்களும் வாயத் தொறக்கலயே."

"நான் விசாரணையில பொய் சொல்லல. ஆனா சொன்னது உண்மையும் இல்ல. அது பொய்ய விட மோசம், பொய்யின்னா மறந்துபோகும்." உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். கடைசியாகப் பறந்த நாள்வரையிலான எல்லாக் காகிதத்தையும் வைத்திருக்கிறார். அந்த நாளுடையது தனியாக மேலேயே இருந்தது. பத்து வருஷமாக மேலேயே வைத்திருந்திருக்கிறார்.

இணைத்திருக்கிறேன். ஐம்பத்தொன்று அடிக்கப்பட்டு, சிவப்புப் பென்சிலில் ஐம்பது. பக்கத்தில் நேரம், நீ படித்த நிமிடம். கீழே நேற்றைய தேதியில் அவருடைய கையெழுத்து. அடுத்த தாளில் என் பதிவேட்டைப் பற்றி நான் எழுதிக் கையெழுத்திட்டது. இரண்டையும் என்ன வேண்டுமானாலும் செய். ஓய்வுக்கு எனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது என்பதை நினைத்துத் தயங்க வேண்டாம். நீ தயங்கமாட்டாய், தெரியும்.

ஃபின்டன்


ஹேவர்ஸ் ஆர்ம்
3 ஏப்ரல் 2000

ஃபின்டன்,

ஆறு நாள் நான் வீட்டில் யாரோடும் பேசவில்லை. ஏழாம் நாள் ஷர்லி, "ஒண்ணு அவனத் திட்டி எழுது, இல்ல எங்கூடப் பேசு. ரெண்டும் இல்லேன்னா எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள். ஆகவே எழுதுகிறேன். திட்டுவதற்கு 'நீங்கள்' வசதியாக இல்லை, விட்டுவிட்டேன்.

நீ ஒரு கோழை. பேனாவால் ஒரு கோடு, பத்து ஆண்டு. என் அம்மா இறக்கும்போதும் மகன் தப்புச் செய்து அடித்தளத்துக்குப் போனவன் என்றுதான் நினைத்துப் போனாள். அதை நான் மறக்கப் போவதில்லை, நீயும் மறக்காதே. எழுதிவிட்டேன். இனி நடந்ததைக் கேள்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஹெட்லியின் அறைக்குப் போனேன். மேஜையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இது நகலா?"

"மூலம். நகல் பதினாலு எடுத்து வெச்சிருக்கேன். ஒண்ணு கமிட்டித் தலைவிக்குத் தபால்ல போயாச்சு."

"உனக்கு என்ன வேணும் எல்டன்?"

"மூணு வேணும். கோப்புல அந்தப் பத்து வார்த்தைய அடிக்கணும். அடிச்சுத் திருத்தி எழுதுனத நாளைக்குக் கூட்டத்துல நீங்களே உங்க வாயால படிக்கணும். அப்புறம் ரேடியோ மேஜையில ஒரு நாள் காலை முறை எனக்கு வேணும்."

"ஒரு நாளா? நிரந்தரமா மேல வந்துரேன். தலைவி கேட்டுட்டே இருக்கா."

"வேண்டாம். என் அறைக்கு ஜன்னல் மட்டும் போட்டுக் குடுங்க."

"அடித்தளத்துல ஏதுய்யா ஜன்னல்?"

"அது உங்க பிரச்சினை."

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் படித்தார். முணுமுணுவென்று, தபால் நிலையத்தில் முகவரி சொல்கிற மாதிரி. பெர்னடெட் பின்வரிசையிலிருந்து, "சத்தமா, ஹெட்லி. இங்க கேக்கல" என்றாள். மறுபடி படித்தார். "கரைப் பணியாளர் எல்டன் பார்டி கொடுத்த பாதை சரியானது." இந்த முறை கேட்டது. தாழ்வாரத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தவருக்குக்கூடக் கேட்டது. அவர் வந்து கை குலுக்கினார்.

ஃபின்டன், உன் தாளை நான் கொடுக்கவில்லை. கேப்டனின் காகிதமே போதுமாக இருந்தது. பதிவேட்டைப் பற்றி ஹெட்லி கேட்டார். "பத்து வருஷத்துக்கு முந்தி எழுதுனவன் கை வழுக்கிருக்கும்" என்றேன். மன்னித்துவிட்டேன் என்று கற்பனை செய்துகொண்டு நூலாவிடம் போய்ச் சொல்லாதே. தாள் என் மேஜை இழுப்பறையில் பூட்டியிருக்கிறது. ஜாடிக்குள்.

ஜூன் ஏழாம் தேதி காலை நான் ரேடியோ மேஜையில் இருப்பேன். தேதியை நானே தேர்ந்தெடுத்தேன். முதல் வேலையாக விதிப்படி உங்கள் நிலையத்தை அழைத்துத் தெளிவு கேட்பேன். உன் முறையை மாற்றி அமைத்துக்கொள்.

எல்டன்


ஹேவர்ஸ் ஆர்ம்
7 ஜூன் 2000

ஃபின்டன்,

தெளிவு கேட்டேன். நீ, 'ஐந்து' என்றாய்.

பதினோரு ஆண்டு தினமும் நான்கு போட்டவன், கடல்மேல் அத்தனை இரைச்சல் இருந்த காலையில் ஐந்து போடுகிறாய். என் பின்னால் மேஜை மேஜையாகத் திரும்பிப் பார்த்தார்கள். பழைய ஆட்களுக்கு அந்தக் கணக்கு தெரியும். சாப்பாட்டு அறையில் இன்று என் மேஜையில் இடம் போதவில்லை. ஹெட்லியே தட்டோடு நின்றார். "வழி விடுங்கப்பா" என்றேன்.

பிறகு விதிப்படி நீ கேட்டாய்: 'என் குரல் எப்படிக் கேட்கிறது?' நான் 'மூன்று' என்றேன். உங்கள் பக்கத்தில் சிரித்தது இங்கே கேட்டது, அது விதிக்குப் புறம்பு என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

உண்மையில் உன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது, நீ மூச்சு இழுத்ததுகூடக் கேட்டது. ஆனால் மூன்றுதான். குறைத்ததற்குக் காரணம் கேட்டு எழுதாதே, உனக்குத் தெரியும்.

பெர்னடெட் முறைகளை மாற்றிப் போட்டுவிட்டாள். இனி மாதத்துக்கு ஒரு காலை எனக்கு மேஜை உண்டு. அடுத்தது ஜூலை ஐந்து. அன்றைக்கு வானிலை நன்றாக இருந்தால் மூன்றரை தரலாமா என்று பார்க்கிறேன். அரை மார்க் போட விதியில் இடமில்லை என்பார்கள். எழுதி வாங்கிவிடுவேன்.

பேக்ஆப்பிள் ஆகஸ்டில் பழுக்கும். ஷர்லி புது ஜாடி வாங்கி வைத்திருக்கிறாள். பழையது காலியாக இல்லை.

எல்டன்